கொட்டகையில் கட்டும் காருக்கு எந்த எஞ்சின்? சேலத்தில் கட்டி ஏற்காட்டில் ஓட்டப் போகிறவனின் கணக்கு

எட்டு மாதமாக என் கொட்டகையில் ஒரு மாருதி 800 எஞ்சின் தார்ப்பாய் போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. நல்ல எஞ்சின்தான். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவாக வருகிறது, புகை இல்லை, விலையும் மலிவாகக் கிடைத்தது. வாங்கி வந்து சேஸிஸுக்குள் இறக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் புத்தி வந்தது. அது முன்சக்கரத்தை ஓட்டுகிற வண்டியின் எஞ்சின். குறுக்குவாட்டில் உட்காரும், அதன் கியர் பாக்ஸுக்குள்ளேயே கிரவுனும் (இரண்டு சக்கரத்துக்கும் திறனைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் நேராகச் சக்கரத்துக்குப் போகும். நான் கட்டுவதோ முன்னால் நீளவாக்கில் எஞ்சினும் பின்னால் ஓடுகிற சக்கரமும் உள்ள கார்.

"இதைத் திருப்பி வெக்க முடியாதாண்ணே?" என்று கொண்டலாம்பட்டிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "திருப்பலாம் தம்பி. ஹவுசிங் தனியா வார்க்கணும், வேற கியர் பாக்ஸ் ஒக்கார வெக்கணும், கிளட்ச் பிளேட் ஸ்ப்ளைன் சேரணும், அத்தனையும் ஒரே சென்டர்ல வரணும். அந்தக் காசுக்கு நீ முழு வண்டியே வாங்கிப் பிரிச்சிருக்கலாம்."

அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நீட்டி எழுதப் போகிறேன். எஞ்சினை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன், பின்சக்கர அச்சு எல்லாம் சேர்ந்த ஒரு வரிசையைத்தான் தேர்ந்தெடுக்கிறோம், எஞ்சின் அந்த வரிசையின் தலை, அவ்வளவுதான். இது தெரியாமல் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கினால் என் மாதிரி தார்ப்பாய் வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் மாதிரி, இரண்டு சீட்டு, கூரை கிடையாது, கதவு கிடையாது, சதுரக் குழாயில் வெல்டிங் வைத்த சேஸிஸ், மேலே அலுமினியத் தகடு. அந்த வண்டி அந்தக் காலத்திலேயே வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்றது. என் குறி, எல்லாம் சேர்ந்து 550 கிலோவுக்குள் முடிப்பது. ஓடப்போகிற இடம் மச்சானின் காபித் தோட்டம், ஏற்காட்டுக்கு மேலே, சில்வர் ஓக் நிழலில் வளைந்து வளைந்து இறங்கும் தனியார் மண் ரோடு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோக ஆசை. தோட்டத்துக்காகத் தரை இடைவெளியை ஏற்றி வைத்திருக்கிறேன், அதனால் அசல் செவன் மாதிரி தரையை நக்கிக்கொண்டு நிற்காது, கொஞ்சம் எக்கிப் பார்க்கிற மாதிரிதான் நிற்கும்.

ரோட்டில் ஓட்ட மாட்டாயா என்று கேட்பீர்கள். ஓட்ட முடியாது. இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து நம்பர் கொடுக்க ஐவிஏ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தனி ஆளுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. ஒரு மாடல் ரோட்டுக்கு வர வேண்டுமானால், மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி ஏஆர்ஏஐ மாதிரியான சோதனை நிறுவனத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும், அது கம்பெனிக்காரர்களின் வேலை. பழைய வண்டியின் ஆர்சி புக்கை வைத்துக்கொண்டு உடம்பை மாற்றிவிடலாம் என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. ஆகவே என் கார் மலைக்கு டாடா ஏஸ் முதுகில்தான் ஏறும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் ஒரு வசதியும் உண்டு, எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது ஹைவேயில் நூறில் போவது எப்படி என்ற கவலையே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் கொட்டகைக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏற்காடு ஏறுமா?" சேலத்துக்காரனுக்கு வண்டி என்றால் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுதான் பரீட்சை. சரி, கணக்கே போட்டுப் பார்த்தேன். காரும் இரண்டு ஆளும் சேர்ந்து 700 கிலோ. அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தி சுமார் 2 யூனிட் கரெண்ட், ஒரு வீட்டில் அரை நாள் ஃபேனும் லைட்டும் ஓடுகிற கணக்கு. அரை மணி நேரத்தில் ஏறினால் தூக்குவதற்கு மட்டும் சராசரியாக ஐந்தரை, ஆறு குதிரை. காற்றுத் தடை, டயர் உராய்வு, வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதிக்கிற மிதி எல்லாம் இதற்கு மேலே. இருந்தாலும் பார்த்தீர்களா, நாம் பயப்படுகிற மலை நாம் நினைக்கிற அளவுக்குக் குதிரை கேட்பதில்லை. அந்தக் காலத்து எஸ்டேட் ஜீப்புகள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஏறியது இப்படித்தான்.

மலை உண்மையில் கேட்பது வேறு இரண்டு விஷயம். ஒன்று காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறையும், டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். சேலத்தில் 73 குதிரை காட்டுவது மேலே 65. 35 காட்டுவது 31. கார்புரேட்டர் எஞ்சின் என்றால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும்: காற்று மெலிந்ததை கார்புரேட்டர் சரியாக உணராது, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது, கலவை கெட்டியாகிவிடும், பிளக் கரி பிடிக்கும். சேலத்தில் அருமையாக டியூன் பண்ணிக் கொண்டுபோன பழைய வண்டி மேலே போய் மூக்கடைத்த மாதிரி இருமுவது இதனால்தான். மேலேயே ஓட்டுவதென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றி வைத்துவிடலாம். நான் கீழே கட்டி, மேலே ஓட்டி, நடுவில் கோவைக்கும் போகிறவன்.

இரண்டாவது சூடு. தோட்ட ரோட்டில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரில் ஏறும்போது ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் போகாது, ஃபேன் இழுப்பதுதான். செவன் மாதிரி காருக்கு மூக்கு வேறு சின்னது. மே மாதம் சேலத்தில் நாற்பது டிகிரி வெயிலில் கொட்டகை வாசலில் சும்மா ஓடவிட்டாலே கொதிக்காத அமைப்பு வேண்டும்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

பைக் எஞ்சின் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய கேடிஎம் 390-இன் 373 சிசி ஒற்றை சிலிண்டர் 43 குதிரை கொடுக்கும், ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டை சிலிண்டர் 47. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கட்டி, தூக்கி வைத்தால் ஆயிற்று, சத்தமும் கேட்கிற மாதிரி இருக்கும். கரி டிராக்கில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரிப் பையன்கள் கொண்டுவரும் பெட்ரோல் கார்களில் பைக் எஞ்சின்தான். ஆனால் அந்தக் கார்களில் ஒரே ஆள், எடையும் என்னுடையதில் பாதிக்கும் கீழே. பைக்கின் கிளட்ச் இருநூறு சொச்சம் கிலோ வண்டிக்கு அளந்து வைத்தது. எழுநூறு கிலோவை ஈர மண்ணில் மேட்டில் நிறுத்தி எடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ரிவர்ஸ் கியர் கிடையாது, தோட்டத்தில் எதிரே காபி மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இன்னொன்று யாரும் சொல்லாதது: இந்த இரண்டு எஞ்சினிலும் இருப்பது ஸ்லிப்பர் கிளட்ச், கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க எஞ்சின் பிரேக்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது. பைக்குக்கு அது வரம். மலை இறங்குகிற காருக்கு எஞ்சின் பிரேக்தான் பாதி உயிர். பைக் எஞ்சினை அத்தோடு விட்டேன்.

டீசல் பற்றி ஒரு பத்தி போதும். ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1248 சிசி ஃபியட் மல்டிஜெட் 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர் இழுவை, டர்போ இருப்பதால் மலைக்காற்றும் பெரிதாகப் பாதிக்காது. தாளில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அதுவும் குறுக்கே உட்காருகிற எஞ்சின், கனம் வேறு, டர்போ குழாய்களும் இன்டர்கூலரும் அந்தச் சின்ன பானெட்டுக்குள் எங்கே போகும்? ஜீப், பொலேரோ டீசல்கள் நீளவாக்கில் வரும், ஆனால் அவற்றை வைத்தால் 550 கிலோ என்ற பேச்சையே மறந்துவிட வேண்டும்.

அடுத்தது மனசுக்குப் பிடித்தது. அம்பாசடர். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிஎம்சி பி வரிசையைச் சேர்ந்தது. அதே 1489 சிசி எஞ்சின்தான் 1950-களில் எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு இப்படி ஒரு பெரியப்பா மகன் இருந்தான் என்று தெரிந்த அன்றைக்கு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. நீளவாக்கில் எஞ்சின், பின்னால் கிரவுன், எல்லாம் நமக்கு வேண்டிய வரிசையிலேயே இருக்கிறது. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் இன்னும் நல்லது, 75 குதிரை. பிறகு தராசைப் பார்த்தேன். பிஎம்சி எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பின் அச்சும் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கச் செய்தது. அதை அரை டன் காரில் வைத்தால் மூக்கு கனத்து, வளைவில் திருப்பினால் நேரே போகும். கார்புரேட்டர் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். உத்தரபாராவில் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, அதைக் காதால் கேட்டே டியூன் பண்ணுகிற மேஸ்திரிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பத்மினியின் 1089 சிசி ஃபியட் எஞ்சின் இதைவிடச் சின்னது, ஆனால் நல்ல பத்மினி கிடைத்தால் அதைப் பிரிக்க மனசு வருமா? எனக்கு வராது. அதை அப்படியே துடைத்து வைத்துக்கொள்வேன்.

இப்போது சுசுகி குடும்பத்துக்கு வருவோம், இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2013-இல் லோட்டஸ் செவனின் நேரடி வாரிசான கேட்டர்ஹாம் கம்பெனி 160 என்று ஒரு காரை விட்டது. அதில் வைத்தது ஜப்பானில் கேய் என்று சொல்லும் குட்டிக் கார்களுக்கென்று செய்த 660 சிசி மூன்று சிலிண்டர் சுசுகி டர்போ எஞ்சின், 80 குதிரை, காரின் எடை 490 கிலோ. பின் அச்சும் சுசுகியின் குட்டி வேனிலிருந்து வந்தது. அதாவது உலகத்திலேயே செவனைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் மலிவாக ஒன்று கட்ட நினைத்தபோது போய் நின்றது ஒரு பால் வேனின் வாசலில். நம் ஊர் மாருதி வேன்களான ஆம்னியும் ஈக்கோவும் அந்த வேனுக்கு உறவுக்காரர்கள். இதைப் படித்த பிறகு வெட்கப்படாமல் ஆம்னியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆம்னியில் இருப்பது 796 சிசி, சுமார் 35 குதிரை, 59 நியூட்டன் மீட்டர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மாருதி 800 கார் 650 கிலோவை 37 குதிரையில் இழுத்தது, நம்முடையது அதைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. தோட்ட ரோட்டுக்குத் தாராளம். 800 எஞ்சினை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று: கோவை கரிவரதன் இந்த நாட்டில் ரேஸை நடுத்தர வீட்டுப் பையன்களும் தொடுகிற விலைக்குக் கொண்டுவரக் கட்டிய ஃபிஸ்மி என்ற ஒற்றை சீட்டு ரேஸ் காரில் இருந்தது இந்த மாருதி 800 எஞ்சின்தான். பெயரிலேயே ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்று வரும். அந்தக் காரில் எஞ்சின் ஓட்டுகிறவனுக்குப் பின்னால். தார்ப்பாய்க்குள் இருக்கிறதே, அதுவும் அப்படிப் பின்னால் உட்கார வேண்டிய எஞ்சின், நான்தான் முன்னால் இடம் பார்த்தேன்.

ஆம்னியின் பலம், எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது, பின்னால் கிரவுன் இருக்கிறது, முழு வரிசையும் ஒரே வண்டியில் கிடைக்கும், காயலான் கடையில் மலிவு. குறை மூன்று. பழையதெல்லாம் கார்புரேட்டர், பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற வகை) பார்த்து வாங்க வேண்டும். நாலு கியர்தான். பின்பக்கம் இலைப் பட்டை, அதாவது பட்டைதான் அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் வைத்தால் அச்சைப் பிடிக்க ராடுகளுக்கு நாமே பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டும். அச்சுக் குழாயில் வெல்டிங் வைத்தால் சூட்டில் வளையும், வளைந்தால் பேரிங் தின்னும். செய்யத் தெரிந்தவர்கள் செவ்வாய்ப்பேட்டையிலும் உண்டு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்திலும் உண்டு, ஆனால் லாரி அச்சில் கை பழகியவர் ஆம்னி அச்சில் வைக்கிற ராடைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மாருதியின் ஜீப்பான ஜிப்ஸி. உண்மையைச் சொன்னால் மனசு இங்கேதான் நின்றது. 1298 சிசி, பதினாறு வால்வு, எம்பிஎஃப்ஐ வந்த பிறகு 80 குதிரை, 103 நியூட்டன் மீட்டர், அலுமினிய பிளாக், ஐந்து கியர். இதில் ஒரு அருமையான விஷயம், ஜிப்ஸியில் முன், பின் சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் போட்டுத் தனியாகத் தொங்கும். ஆகவே நாலு சக்கர ஓட்டம் வேண்டாம் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து நேராகப் பின் அச்சுக்கு ஷாஃப்ட் கொடுத்துவிடலாம். ஒரு சிக்கல் மட்டும், அந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சாதாரண ஹை ரேஞ்சிலேயே சுமார் 1.4 மடங்கு வேகத்தைக் குறைத்துத்தான் பின்னால் அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் எல்லா கியரும் அந்த அளவு நீளமாகிவிடும். ஜிப்ஸியின் பெரிய சக்கரத்துக்குப் பதில் பதிமூன்று அங்குலச் சக்கரம் போட்டால் கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகாது. டிராக்குக்கு அது நல்லது, தோட்டத்து மேட்டுக்கு முதல் கியர் நீளமாகத் தெரியும்.

கியர் லீவர் ஜிப்ஸியில் கியர் பாக்ஸ் மேலேயே நிற்கிறது, கைக்கு நேராக வரும். வேன் வரிசையில் இது பெரிய தலைவலி, பின்னால் சொல்கிறேன். எஞ்சின் கெட்டால் எஸ்டீமில் வந்த ஜி13 எஞ்சினும் இதே குடும்பம்தான், ஜிப்ஸியின் கியர் பாக்ஸில் பூட்டிக்கொள்ளும். பழைய பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினை ஜிப்ஸியில் இறக்கியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், அதற்கு 94 குதிரை. எஸ்டீமைத் தேடுகிறவர் இப்போது அதிகம் இல்லை, ஆகவே எஸ்டீம் எஞ்சினும் ஜிப்ஸி கியர் பாக்ஸும் என்பது அறிவாளியின் தேர்வு.

அப்புறம் ஏன் ஜிப்ஸி இல்லை? கிடைக்காது. மலைக்காரர்களும் ரேலிக்காரர்களும் ஜிப்ஸியைச் சாக விடுவதில்லை. எனக்கு ஒரு தடவை கண்ணில் பட்டது, வெறும் கியர் பாக்ஸும் பின் அச்சும் மட்டும், அதற்குக் கேட்ட விலையில் ஓடுகிற ஆம்னி ஒன்று வாங்கிவிடலாம். அதோடு நல்ல ஜிப்ஸி ஒன்றைப் பிரித்து அரைகுறை செவன் ஒன்றைக் கட்டினேன் என்று மேலே தோட்டத்துக்காரர்களிடம் சொன்னால் என்னை ஏற்காட்டு லேடி சீட் பாறை முனையிலிருந்து உருட்டிவிடுவார்கள்.

கடைசியில் ஈக்கோ. பள்ளிப் பிள்ளைகளையும் தண்ணீர் கேனையும் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க ஓடுகிறதே, அதேதான். 2010-இல் வந்தது, 2022 வரை அதில் இருந்தது 1196 சிசி, 73 குதிரை, 101 நியூட்டன் மீட்டர். இந்த இழுவை 3,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, ஜிப்ஸிக்கு அது 4,500-இல்தான் வரும். தோட்டத்து மேட்டில் இந்த வித்தியாசத்தைக் கால் உணரும். நீளவாக்கு எஞ்சின், ஐந்து கியர், பதிமூன்று அங்குலச் சக்கரம், பின்னால் கட்டை அச்சு. ஆம்னியை விட இது எனக்கு இனித்த இடம் அந்த அச்சு: இலைப் பட்டை இல்லை, ராடுகளால் பிடித்த அச்சு, காயில் ஸ்பிரிங். ராடு மாட்டும் பிராக்கெட்டுகளைக் கம்பெனியே வெல்டிங் வைத்துக் கொடுத்திருக்கிறது. வேன் பாரம் இழுக்கும் என்பதால் கிரவுன் குட்டைப் பல்லாகவே இருக்கும், அது எனக்கு மேட்டில் லாபம், டிராக்கின் நேர்ப்பாதையில் நஷ்டம். லாபத்தை எடுத்துக்கொண்டேன். வேன்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் சாமான் எந்தத் தெருவிலும் கிடைக்கும், இடித்துக்கொண்ட ஈக்கோவும் அடிக்கடி விற்பனைக்கு வரும்.

குறை இல்லாமல் இல்லை. வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கியர் போடும் கை அதற்கும் முன்னால். ஆகவே லீவரிலிருந்து இணைப்பு பின்னோக்கிப் போய் கியர் பாக்ஸைப் பிடிக்கிறது. செவனில் எஞ்சின் எனக்கு முன்னால், கியர் பாக்ஸ் என் முழங்காலுக்குப் பக்கத்தில், இணைப்பை அப்படியே திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டால் சில வழிகளில் ஒன்றும் மூன்றும் மேலே இருப்பதற்குப் பதில் கீழே வரும், முதல் கியர் என்று நினைத்து இரண்டைப் போடுவீர்கள். நடுவில் ஒரு பிவட் வைத்துத் திசையை மாற்றிச் சரிசெய்யலாம், மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று, இன்னும் ரிவர்ஸ் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது உயரம். சீட்டுக்கு அடியில் இருந்த எஞ்சின் என்றாலும் ஏர் ஃபில்டர் குழாயோடு சேர்த்தால் பானெட்டுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பானெட்டில் காங்கேயம் காளைத் திமில் மாதிரி ஒரு மேடு தட்டி வைக்கப் போகிறேன், அழகுதான். எஞ்சினை வாங்குவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம், ஸ்டியரிங் ராடு எந்தப் பக்கம் என்று அளந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே பக்கம் வந்தால் சைலன்சர் குழாயை யோகா பண்ண வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒயரிங். எம்பிஎஃப்ஐ என்றால் எஞ்சின் மட்டும் வாங்கி வந்து பிரயோஜனமில்லை. இசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், முழு ஒயர்க்கட்டு, சென்சார்கள், பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் பம்ப், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், சாவி எல்லாம் அதே வண்டியினுடையதாக இருக்க வேண்டும். சாவி வேறு வண்டியுடையது என்றால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஒயரை வெட்டி எடுத்துக் கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள், கனெக்டரோடு கழற்றிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். இத்தனை பாடும் எதற்கு என்றால், இந்த இசியூ மேலே போனால் காற்று மெலிந்ததைத் தானே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஏற்காட்டில் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

மின்சார மோட்டாரைச் சொல்லாமல் விட்டால் என் தங்கை மகன் கோபித்துக்கொள்வான், கொட்டகையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவன்தான். நியாயமாகப் பார்த்தால் அவன் சொல்வதில் சரக்கு இருக்கிறது. மோட்டாருக்குக் காற்று வேண்டாம், 1,500 மீட்டரிலும் அதே திறன். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை, கிளட்ச் கருகாது. தோட்டத்தில் கீழே ஓடையிலிருந்து பங்களா வரை 200 மீட்டர் உயரம் என்று வைத்தாலும் ஒரு தடவை தூக்க அரை யூனிட்டுக்குக் கீழேதான், இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பியும் வரும். பத்து தடவை ஏறி இறங்கினாலும் ஐந்து யூனிட் பேட்டரி சமாளிக்கும். தோட்டத்துக்கு மட்டும் என்றால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன். டிராக்கில் விட்டு மிதித்தால் அந்த ஐந்து யூனிட் எத்தனை சுற்று வரும் என்று யோசித்தேன், பெரிய பேட்டரிக்கு விலை கேட்டேன், வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. உயர் அழுத்த ஒயரிங்கைக் கற்றுக்கொண்டு கை வைக்கிற தைரியமும் எனக்கு இன்னும் வரவில்லை. பெட்ரோல் எஞ்சினில் தப்பு செய்தால் இருமும். அந்த வோல்டேஜில் தப்பு செய்தால் இருமுவதற்கு நான் இருக்க மாட்டேன்.

ஆக, ஜிப்ஸி வரிசை நல்ல நிலையில், நியாயமான விலைக்கு உங்கள் வாசலுக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள், அது ஈக்கோவை விட நல்ல கார் கொடுக்கும். வராது என்பதால் ஈக்கோ. கையில் காசு குறைவு, டிராக் ஆசையும் இல்லை என்றால் எம்பிஎஃப்ஐ ஆம்னி.

எதை எடுத்தாலும் ஒரு காகிதத்தை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும், விற்பவரின் பில்லில் அதே நம்பர் இருக்க வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்சி நகலும் வேண்டும். என் கார் ரோட்டுக்கே வரப்போவதில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு செக் போஸ்ட்டில் நிற்கும்போது, நம்பர் பிளேட் இல்லாத ஒரு காரையும் அதற்குள் இருக்கிற எஞ்சினையும் பார்த்து போலீஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

நான் வாங்கிய ஈக்கோ பின்னால் இடி வாங்கியது, முன்பக்கம் சுத்தம். அச்சு வளைந்திருக்கிறதா என்று லேத் அண்ணன் இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்தார், தப்பித்தது. எஞ்சின் இப்போது சேஸிஸுக்குள் கட்டை மேல் நிற்கிறது, மவுண்ட் இன்னும் வெல்டிங் வைக்கவில்லை. ஒயர்க்கட்டை முழுசாகத் தரையில் விரித்து ஒவ்வொரு கனெக்டரிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம், தங்கை மகன் எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை.

மாருதி 800 எஞ்சின் தார்ப்பாய்க்கு அடியிலேயே இருக்கிறது. நடுவிலோ பின்னாலோ எஞ்சின் வைத்துக் கட்டுகிறவர் யாராவது சேலம் பக்கம் இருந்தால் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்ளலாம், பில் இருக்கிறது. தூக்க மூன்று ஆள் வேண்டும்.